பத்தொன்பதில் ஆறு

டாக்டர் சிவசங்கருக்கு வெள்ளைப் புகை என்றால் உயிர். திரவ நைட்ரஜன் கேனின் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று மேசை விளிம்பில் வழிந்து தரையில் படரும் அந்தப் புகையை, காஜாமலையில் இருந்த தன் வாழைக்கன்று கம்பெனிக்கு வரும் ஒவ்வொரு விருந்தாளிக்கும் காட்டுவார். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி என்று சொல்லிவிட்டு, கேட்டவர் புருவத்தை உயர்த்தும்வரை காத்திருப்பார். பிறகு ஒரு ரோஜாப்பூவை இடுக்கியால் பிடித்து உள்ளே முக்கி எடுத்து மேசைமேல் தட்டுவார். பூ கண்ணாடி போல நொறுங்கும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். நொறுங்கிய பூவைப் பெருக்கி அள்ளுவது டெல்பினின் வேலை.

டெல்பின் அந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிடையரான தைரியராஜின் மகள். எம்.எஸ்ஸி. முடித்து இங்கே சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலாளியைப் பற்றி அவளுக்குத் தெளிவான அபிப்பிராயம் ஒன்று இருந்தது. அதை இத்தனை வருடமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அவர் வாழைக் குருத்தைக் கடைசியாகக் கையால் தொட்டது அவள் சேர்ந்த வருடம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைப்பதெல்லாம் போட்டோக்காரர் வரும் நாட்களில் மட்டும். ஒருமுறை லென்ஸின் மூடியைக் கழற்றாமலே ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, அருமையாக வந்திருக்கிறது என்று சொன்னார். அந்தப் படம் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. டெல்பின் தினமும் அதைக் கடந்துதான் செருப்பைக் கழற்றப் போவாள்.

அந்த வருடம் மாசி மாதத்தில் ஜீயபுரத்தில் வாழை விவசாயிகள் கூட்டம் ஒன்றுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்து ரஸ்தாளித் தோட்டங்களில் தேமல் நோய் பரவியிருந்தது. இலையில் மஞ்சள் கோடுகள் விழும், குருத்து அழுகும், தார் வந்தாலும் விரல் விரலாகச் சூம்பிக் கிடக்கும். வைரஸ் நோய். மருந்து கிடையாது. நோய்ப்பட்ட மரத்தின் கன்றை எடுத்து நட்டால் கன்றோடு நோயும் வரும். சிவசங்கர் காரில் கேனை ஏற்றிக்கொண்டு போனார். மண்டபத்தில் வழக்கம்போல் புகையைக் காட்டினார், ரோஜாவை நொறுக்கினார். இந்தக் குளிரில்தான் வைரஸைக் கொல்கிறோம், உறைநுட்பம் என்று இதற்குப் பெயர், இந்தியாவில் நாலைந்து பேருக்குத்தான் இது கைவரும் என்றார்.

நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வீரமலை என்று பெயர் சொன்னார். இரண்டு ஏக்கர் ரஸ்தாளி போட்டிருந்தவர்.

"ஐயா, இந்தக் கேனு எங்க ஊருக்கும் வருதுங்க. மாட்டுக்குச் சினை ஊசி போடுறவரு கொண்டு வருவாரு. மருந்து உயிரோட இருக்கணும்னுதான் அவரு இதுல வைக்கிறாரு. நீங்க கொல்றதுக்கு வைக்கிறேங்கறீங்க. இப்ப அந்த ரோசாப்பூ செத்துப்போச்சு. அப்ப வாழைக்குருத்து மட்டும் எப்படிப் பொழைக்கும்?"

அந்தக் கூட்டத்தில் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான். சிவசங்கர் மேடையில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். மாட்டு ஊசியையும் பயோடெக்னாலஜியையும் ஒரே கேனில் போட்டுவிட்டார் பெரியவர் என்றார். மண்டபமே சிரித்தது. வீரமலை உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து டெல்பின் கேனைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் பின்னாலேயே வந்து நின்றார். கூட்டத்தில் கொடுத்த இலவசத் துணிப்பை வேண்டும் என்று வந்திருப்பார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒரு பையை எடுத்து நீட்டவும் செய்தாள். அவர் அதை வாங்கவில்லை.

"நான் கேட்டது தப்பாங்க?" என்றார்.

டெல்பினுக்கு நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பையைக் காருக்குள் போட்டுவிட்டு, சுண்டுவிரல் நகத்தின் நுனியைக் காட்டிச் சொன்னாள். குருத்தை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு குண்டூசித் தலை அளவுக்கு நுனி இருக்கும். அங்கே செல்கள் சின்னவை, நெருக்கமானவை, தண்ணீர் குறைவு. வைரஸ் அந்த நுனிவரைக்கும் அநேகமாக ஏறியிருக்காது. அதற்குக் கீழே இருப்பவை பெரிய செல்கள். தண்ணீரும் அதிகம், வைரஸும் அதிகம். சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, தண்ணீரை இழுத்து, சட்டென்று உறையவைத்தால் பெரிய செல்கள் பனிக்கட்டி குத்திச் செத்துப்போகும். வைரஸும் அவற்றோடு போகும். நுனி மட்டும் தப்பிக்கும். அதிலிருந்து புதுக் கன்று வளர்க்கலாம்.

வீரமலை தன் நகத்தின் நுனியைப் பார்த்தார். எல்லா நுனியும் பிழைக்குமா என்று கேட்டார். நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்றாள்.

"பொழைச்சதெல்லாம் சுத்தமா இருக்குமா?"

"இருக்காதுங்க. சிலது வைரஸையும் வச்சுக்கிட்டே பொழைச்சிடும். ஒவ்வொண்ணா டெஸ்ட் பண்ணித்தான் தெரிஞ்சுக்கணும். இந்தத் தேமலுக்கு மூணுல ஒண்ணு சுத்தமா வந்தாலே பெருசு."

"இதை உங்க டாக்டர் சொல்லலையே."

"சொல்ல மாட்டாரு" என்றாள் டெல்பின். சொன்ன பிறகுதான் அது வாய்விட்டு வந்துவிட்டது தெரிந்தது.

வீரமலை வீட்டு ரஸ்தாளி அவர் அப்பா காலத்திலிருந்து அதே நிலத்தில் கன்று கன்றாக வந்துகொண்டிருந்த இனம். பழம் சின்னது, தோல் மெல்லிசு, காந்தி மார்க்கெட்டில் அதற்கென்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. இப்போது நோய் விழாத மரம் என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதைச் சுத்தம் செய்து தர முடியுமா என்று கேட்டு அடுத்த வாரம் காஜாமலைக்கே வந்தார். ஒரு விவசாயிக்காக ஆய்வுக்கூடம் நடத்த முடியாது என்று சிவசங்கர் திருப்பி அனுப்பியிருப்பார். ஆனால் டெல்லியிலிருந்து வரவிருந்த ஒரு திட்டத்துக்குப் பயனாளி விவசாயி என்று ஒருவரின் பெயரும் போட்டோவும் தேவைப்பட்டது. வீரமலையின் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சம்மதித்தார்.

கன்று எடுக்க டெல்பின் ஜீயபுரம் போனாள். வாழை வரிசைகளுக்கு நடுவே வெள்ளரி படர்ந்திருந்தது. வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணு அதில் பிஞ்சு பறித்துக்கொண்டிருந்தாள். வைரஸ் வெள்ளரியிலும் இருக்கும், அசுவினிப் பூச்சி அதை உறிஞ்சி வாழைக்குக் கொண்டு வரும் என்று டெல்பின் சொன்னதும் வள்ளிக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். ஊடுபயிராக வெள்ளரி போடச் சொன்னதே கூட்டம் போட்ட படித்தவர்கள்தான் என்றாள். அந்த வாரமே கொடியை அடியோடு பிடுங்கி எறிந்தாள்.

மூன்று பக்கக்கன்றுகளிலிருந்து வேலை தொடங்கியது. அவற்றைச் சோதனைக்குழாயில் பெருக்கி, நுனிகளை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வெட்டி எடுக்கவே ஆறு மாதம் பிடித்தது. இருநூற்று நாற்பது நுனிகள். ஐஸ்மேல் வைத்த கரைசலில் இத்தனை நிமிடம் என்று கணக்கு. கூடினால் கரைசலே விஷம், குறைந்தால் பனிக்கட்டி குத்தும். நாற்பது நுனிகளாக ஆறு தடவை, அலுமினியத் தாளில் ஒட்டி நைட்ரஜனில் முக்கினாள். யாரும் பார்க்காதபோது அந்தப் புகை அவளுக்கு ஒரு இடைஞ்சல்தான், கண்ணை மறைக்கும். முக்கி எடுத்தவற்றை இருட்டில் வைத்துக் காத்திருந்தாள். ஒரு வாரத்தில் பெரும்பாலானவை கறுத்துவிட்டன. முதல் இரண்டு தடவையில் ஒன்றுமே பிழைக்கவில்லை. நிமிடத்தை மாற்றினாள். ஆறு தடவையும் சேர்த்து முப்பத்தொன்று வெளுப்பாக மிஞ்சின. அவற்றில் பத்தொன்பது இலை விட்டுக் கன்றாக நின்றன.

நடுவில் ஒருமுறை சிவசங்கர் எட்டிப் பார்த்தார். கறுத்த நுனிகள் இருந்த தட்டுகளைக் காட்டி, இருநூறு செத்துப்போச்சா, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சாகத்தான் வேண்டும், அதுதான் இந்த வேலை என்றாள் டெல்பின். தன் கம்பெனி எதை விற்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை என்பதை அன்றைக்கு முழுதாகப் புரிந்துகொண்டாள். வீட்டுக்குப் போனதும் கணவன் பிரிட்டோவிடம் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இதை அவரிடமே சொல்ல வேண்டியதுதானே என்றான்.

பத்தொன்பது கன்றுகளையும் அவள் டெஸ்ட் செய்தாள். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த அதே வகைப் பரிசோதனைதான், இங்கே இலைத்துண்டு. ஆறு சுத்தம். பதிமூன்றில் வைரஸ் இருந்தது. சுத்தமான ஆறுக்குப் பச்சை நூலும் மற்றவற்றுக்குச் சிவப்பு நூலும் கட்டி வலைக்கூண்டில் தனித்தனியாக வைத்தாள். சிவப்பு நூல் கட்டியவற்றை ஒப்பிட்டுப் பார்த்து முடித்ததும் அழித்துவிட வேண்டும் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சிவசங்கர் அதற்கு முன்பே அறிக்கை அனுப்பிவிட்டிருந்தார். பத்தொன்பது நச்சுயிரியற்ற கன்றுகள், நூறு சதவீத வெற்றி என்று அதில் இருந்தது.

கன்று வழங்கும் விழா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாழைக்கும் அந்த மண்டபத்துக்கும் வாசலில் கட்டியிருந்த இரண்டு மரத்தைத் தவிர வேறு சம்பந்தம் இல்லை. ஆனால் டெல்லியிலிருந்து வந்த அதிகாரி பெருமாள் சேவை முடித்துவிட்டுத்தான் எங்கும் வருவேன் என்றிருந்தார். சிவசங்கரின் வீடும் உத்திர வீதியிலேயே இருந்தது. காலையில் அதிகாரியை ரங்கா ரங்கா கோபுரம் வழியாக உள்ளே அழைத்துப்போய், பரிவட்டம் கட்டவைத்து, மண்டபத்துக்குக் கூட்டி வந்தார். மேடையில் திருமண் காயாத நெற்றியோடு அவர்கள் இரண்டு பேரும், அவர்களுக்கு முன்னால் கேனும்.

டெல்பின் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேடையோரம் அடுக்கியிருந்த கன்றுகளைப் பார்த்ததும் அருகே போய் நின்றாள். பத்தொன்பதும் கம்பெனி பெயர் அச்சடித்த புது வெள்ளைப் பைகளுக்கு மாறியிருந்தன. நூல் ஒன்றிலும் இல்லை. அவள் எழுதிய எண்களும் பழைய பைகளோடு போய்விட்டிருந்தன.

சிவசங்கரிடம் போய், நூல் எங்கே என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"வெட்டிட்டேன். போட்டோவுல காப்புக்கயிறு கட்டின மாதிரி அசிங்கமா இருந்துச்சு."

"சார், அதுல பதிமூணு நோய்க்கன்னு. எது எதுன்னு இப்பத் தெரியாது."

"ஏம்மா, எல்லாமே பச்சையாத்தான இருக்கு? கொண்டுபோய் நடட்டும். தேமல் வந்தா அவன் தோட்டத்துல ஏற்கனவே இருந்ததுதான் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம். அவன் என்ன டெஸ்ட் பண்ணியா பார்க்கப் போறான்? மாட்டு ஊசிக்காரன்."

அவர் சொன்னதில் டெல்பினை அதிகம் சுட்டது அந்தக் கடைசி வார்த்தை. ஒன்றரை வருடமாக அதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். கேள்வியை விட்டுவிட்டார், கேலியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

அவள் மேடையோரத்துக்கே திரும்பிப் போனாள். வீரமலையும் வள்ளிக்கண்ணுவும் மேடையேறி ஒரு கன்றை வாங்கினார்கள். வீரமலைக்குச் சால்வை போர்த்தினார்கள். அதிகாரி புகைக்குமேல் கையை நீட்டிச் சிரித்தார். டெல்பினையும் வரிசையின் ஓரத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். படம் எடுத்தார்கள். பதினான்கு வருடமாக ஒரு மனிதனை மனசுக்குள்ளேயே மட்டமாக நினைத்துக்கொண்டு, அவர் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, அவர் காட்டிய இடத்தில் நின்றவள் அவரைவிட எந்த விதத்தில் உசத்தி என்று அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணம் சாப்பாட்டுப் பந்தியிலும் அவளை விடவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

வாசலில் ஒரு குட்டியானை வண்டியில் கன்றுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் வீரமலை உட்கார்ந்திருந்தார். வள்ளிக்கண்ணு பின்னால் கன்றுகளோடு இருந்தாள். டெல்பின் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்பக்கம் ஏறினாள். எங்கே வருகிறீர்கள் என்று வள்ளிக்கண்ணு கேட்டாள். உங்கள் வீட்டுக்குத்தான் அக்கா என்றாள்.

காவிரிப் பாலத்தில் வண்டி போகும்போது எல்லாவற்றையும் சொன்னாள். காற்றில் பாதி வார்த்தை பறந்தது. திரும்பவும் சொன்னாள். குடமுருட்டி தாண்டியதும் வள்ளிக்கண்ணு டிரைவர் பக்கத்துத் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொல்லி, கணவரை இறங்கி வரச் சொன்னாள். கரூர் ரோட்டோரத்தில் நின்று வீரமலை அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். சால்வை இன்னும் தோளில் இருந்தது.

"மேடையில எங்களோடதான நின்னீங்க. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"எனக்குச் சால்வை போத்தறப்ப நீங்களும் கைதட்டினீங்க."

"ஆமாங்க."

"அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சவங்க சும்மா நிக்கறது எவ்வளவு கேவலம்."

டெல்பின் தலையாட்டினாள். அவர் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை, இளக்காரம். அவளுக்கு அது நன்றாகப் பழக்கமான முகபாவம். தினமும் வரவேற்பறைப் படத்தைப் பார்க்கும்போது அவள் முகத்தில் இருப்பதுதான்.

வள்ளிக்கண்ணு இருவரையும் பார்த்துவிட்டு, பேசினது போதும், இப்போது எதைச் செய்தால் கண்டுபிடிக்கலாம் என்று கேட்டாள். கன்றுகளைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, வீட்டு மாடியில் கொசுவலைக்குள் வைக்க வேண்டும், ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட வேண்டும் என்றாள் டெல்பின். அன்று மாலை மூன்று பேருமாக வலை கட்டினார்கள். வள்ளிக்கண்ணு ஒவ்வொரு பையிலும் சுண்ணாம்பால் எண் போட்டாள். டெல்பின் பத்தொன்பது கன்றிலும் இலைத்துண்டு நறுக்கித் தனித்தனி உறையில் போட்டு, ஐஸ் டப்பாவில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே ஆய்வுக்கூடத்தைத் திறந்தாள். பெரியகுளம் பக்கத்து நர்சரி ஒன்றின் மாதிரிகளுக்கு அன்று மாலைக்குள் முடிவு அனுப்ப வேண்டியிருந்தது. அவற்றோடு இந்தப் பத்தொன்பதையும் சேர்த்தே டெஸ்ட் மெஷினில் வைத்தாள். பத்து மணிக்கு சிவசங்கர் வந்தார். மேசைமேல் கிடந்த பட்டியலில் ஜீயபுரம் என்ற பெயரைப் பார்த்துவிட்டார்.

இது யார் உத்தரவு என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள். மெஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினால் பெரியகுளம் மாதிரியும் வீணாகும் என்றாள். அவர் மெஷினின் முன்னால் போய் நின்றார். திரையில் கோடுகள் ஏறிக்கொண்டிருந்தன. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கிவிட்டுக் கீழே போட்டார்.

"உனக்குச் சம்பளம் யாரு குடுக்கறா?"

"நீங்கதான்."

"அப்புறம்? அந்தப் பட்டிக்காட்டானுக்கு வேலை பார்க்கறியா?"

"சார், அன்னிக்கு ஜீயபுரத்துல அவரு கேட்டாரே ஒரு கேள்வி, அதுக்குப் பதில் உங்களுக்குத் தெரியுமா?"

அவர் முறைத்தார்.

"கேனைத் திறந்து காட்டறீங்க. பூவை நொறுக்கறீங்க. அது எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? பூ செத்துப்போறதுக்குத்தான் கைதட்டறாங்க. பொழைக்கிறது எதுன்னு பார்க்க உங்களுக்கு ரெண்டு மணி நேரம் பொறுமை இல்ல. நான் இத்தனை வருஷமா இதைச் சொல்லாம இருந்தேன். அது என் தப்பு."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.  இன்றோடு வேலைக்கு வர வேண்டாம் என்றார் சிவசங்கர். சரி என்றாள். ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அவர் வராந்தாவில் நடந்தார், போன் பேசினார், திரும்பி வந்து பார்த்தார், திரும்பப் போனார். முடிவு வந்ததும் அவள் இரண்டு பட்டியல்களையும் பிரிண்ட் எடுத்தாள். பெரியகுளத்துக்கு உரியதைக் கையெழுத்திட்டு அவர் மேசையில் வைத்தாள். மற்றதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

இரண்டு, ஐந்து, எட்டு, ஒன்பது, பதினான்கு, பதினேழு. ஆறு கன்றுகள், முன்பு வந்த அதே எண்ணிக்கை. ஜீயபுரத்தில் அந்தத் தாளை வள்ளிக்கண்ணுவிடம் கொடுத்தாள். மற்ற பதிமூன்றும் பார்வைக்குத் தளதளவென்றுதான் இருந்தன. உயரமான கன்று எது என்று கேட்டால் பதினொன்றாம் எண்ணைத்தான் யாரும் காட்டுவார்கள். அதைக் கையில் எடுத்தபோது வீரமலை தயங்கினார். இன்னொரு தடவை பார்த்துவிடலாமா என்றார். இரண்டு தடவை பார்த்தாயிற்று என்றாள் டெல்பின். வள்ளிக்கண்ணு அதை அவர் கையிலிருந்து வாங்கி, வேரோடு உருவி, கொல்லையில் வெட்டிய குழியில் போட்டாள். பதிமூன்றையும் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடினாள். கம்பெனி பெயர் போட்ட வெள்ளைப் பைகளை மட்டும் கழுவிக் காயவைத்தாள். கீரை விதைக்க ஆகும் என்றாள்.

ஆறு கன்றுகளும் வேறு வாழை இல்லாத மேட்டுக்கொல்லையில் நடப்பட்டன. எட்டு மாதம் கழித்து ஒரு நாள் இரண்டு கார்கள் அங்கே வந்து நின்றன. சிவசங்கர், டெல்லி அதிகாரி, கேமராக்காரர். திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு நேரடி ஆய்வு. டெல்பின் அன்று அங்கே இல்லை. நடந்ததை வள்ளிக்கண்ணு பிறகு போனில் சொன்னாள்.

அதிகாரி மரங்களை எண்ணியிருக்கிறார். பத்தொன்பது என்று எழுதியிருக்கிறதே, ஆறுதானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் அரைகுறை. சிவசங்கர் ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, வீரமலை குறுக்கே பேசினார்.

"மத்த பதிமூணு குழியில இருக்குங்க. நோயோட குடுத்தாரு. டெஸ்ட் பண்ண தாளு வீட்ல இருக்கு, எடுத்தாரவா?"

சிவசங்கர் சிரித்தாராம். அன்றைக்கு மண்டபத்தில் சிரித்த அதே சிரிப்பு. கிராமத்து மக்கள் அப்படித்தான், தண்ணீர் விடாமல் காயவைத்துவிட்டுக் கதை சொல்வார்கள் என்றாராம். வள்ளிக்கண்ணு தாளை எடுத்து வருவதற்குள் கார்கள் கிளம்பிவிட்டன. மரம் ஆறும் தார் தள்ளி நின்றதை அதிகாரி போகிற போக்கில் போனில் படம் எடுத்துக்கொண்டாராம். நல்ல கோணமாகப் பார்த்து எடுத்ததில் ஆறும் அறுபது மாதிரித் தெரிந்திருக்கும்.

இரண்டாம் கட்டமும் சிவசங்கருக்கே கிடைத்தது. விவசாயியின் பராமரிப்புக் குறைவால் பதிமூன்று கன்றுகள் இழப்பு என்று அறிக்கையில் ஒரு வரி இருந்ததாக, இன்னும் அங்கே வேலை செய்யும் ஷரீபா சொன்னாள்.  டெல்பின் அந்த டெஸ்ட் தாள், தன் நோட்டு இரண்டின் நகலையும் வைத்து டெல்லிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினாள். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது. பதில் வரவில்லை. அதற்குள் அவளுக்கு ஒரு பெண்கள் கல்லூரியில் ஆய்வக வேலை கிடைத்திருந்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. அங்கே நைட்ரஜன் கேன் இல்லை.

மறு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்மலைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிவசங்கர். நலம் விசாரித்தார். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றார். பதினான்கு வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு விஷயத்துக்கு வந்தார். புதிதாக வேலைக்கு வைத்தவர்கள் நானூறு நுனி உறையவைத்தார்கள், நானூறும் கறுத்துவிட்டது. அடுத்த மாதம் ஆய்வுக்கு வருகிறார்கள்.

"அந்தக் கரைசல்ல எத்தனை நிமிஷம் வச்சேன்னு மட்டும் சொல்லும்மா."

"நோட்டுல இருக்கு சார். தேதி போட்டு எழுதியிருக்கேன்."

"அதைத் தேடிப் படிக்க எங்க நேரம்? நீயே ஒரு மாசம் வந்துட்டுப் போயேன். முன்ன வாங்கினதுக்கு மேலயே தரேன்."

டெல்பின் மீன்காரியிடம் தலையை நறுக்கிவிடச் சொல்லிச் சைகை காட்டினாள். நானூறு நுனிகளை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் உரித்தெடுக்க எத்தனை நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்தே வந்த ஷரீபாவின் கழுத்து வலிதான் ஞாபகம் வந்தது.

"ஷரீபாவை எனக்குப் பேசச் சொல்லுங்க. அவகிட்ட சொல்றேன்."

"எங்கிட்டயே சொல்லலாமே."

"உங்ககிட்ட சொன்னா உங்களுக்குப் புரியாது சார்."

 டெல்பின் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். மீன்காரி பொட்டலத்தை நீட்டினாள். சங்கரா மீன், முக்கால் கிலோ. வஞ்சிரம் இன்றைக்கு விலை அதிகம் என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி அலுத்துக்கொண்டாள். ஆமாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு, டெல்பின் கொத்தமல்லி விற்கும் வரிசைப் பக்கம் நடந்தாள்.